ஏரி ஏன் பச்சையாகிறது: பள்ளி மாணவர்கள் ஆய்வு செய்ய ஒரு வழி

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஊர் ஏரி ஆண்டில் சில மாதங்கள் பச்சையாகி நாற்றமெடுக்கிறது. சில நாட்கள் காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. தெர்மாகோல் மாதிரிகளுக்குப் பதிலாக, எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு இந்த ஏரியைப் பற்றி உண்மையான ஆய்வு ஒன்றைச் செய்து, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்ப விரும்புகிறேன். விலையுயர்ந்த கருவிகள் இல்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். 10 முதல் 17 வயது வரையுள்ளோருக்காக 1993 முதல் நடந்துவரும் அந்த மாநாடு, உள்ளூர்ச் சிக்கலை மாணவர்கள் தாமே ஆராய்வதைத்தான் எதிர்பார்க்கிறது. பள்ளி ஆய்வுகள் பலவும் கருவி இல்லாததால் தோற்பதில்லை. கேள்வி அகலமாக இருப்பதால்தான் தோற்கின்றன. "எங்கள் ஏரி மாசுபட்டுள்ளதா?" என்ற கேள்விக்கு என்ன அளந்தாலும் விடை கிடைக்காது. "வரத்துக்கால்வாய் வந்து சேரும் இடத்திலும் மதகடியிலும், விடியற்காலையில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஒரே அளவாக உள்ளதா?" என்று கேட்டால், எங்கே, எப்போது, எதை அளக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

விடியற்காலை என்று நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 30 டிகிரி வெப்பநிலையில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீர், லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். பாசி மண்டிய ஏரியில் பகலில் ஒளிச்சேர்க்கை நடப்பதால் இந்த அளவு பிற்பகலில் 10-ஐத் தாண்டக்கூடும். இரவில் அதே பாசியும், அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை உட்கொள்வதால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன் அது மிகவும் தாழ்ந்துவிடும். உங்கள் ஊரில் மீன்கள் காலையில் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். எனவே பிற்பகல் மூன்று மணிக்கு மட்டும் அளந்துவிட்டு "ஆக்சிஜன் நிறைவாக உள்ளது, ஏரி நலமாக உள்ளது" என்று எழுதினால், உண்மைக்கு நேர் எதிரான முடிவுக்கு வந்துவிடுவோம். ஒரே இடத்தில், ஒரே நாளில், சூரிய உதயத்தின்போதும் பிற்பகலிலும் அளந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பதிவு செய்யுங்கள். அந்த இடைவெளி எவ்வளவு அகலமோ, ஏரியில் பாசியின் ஆதிக்கம் அவ்வளவு அதிகம்.

ஆக்சிஜனை அளக்க மின்னணுக் கருவி தேவையில்லை. ஹங்கேரிய வேதியியலாளர் விங்க்ளர் 1888-இல் வகுத்த முறையை உங்கள் மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆய்வகத்திலேயே செய்யலாம். சுமார் 300 மில்லி கொள்ளும் கண்ணாடி மூடியிட்ட புட்டியில் ஏரி நீரைக் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டுக் கரைசலையும் கார அயோடைடு கரைசலையும் தலா 2 மில்லி சேர்த்துக் குலுக்கினால் வீழ்படிவு தோன்றும். அது பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் உள்ளது. வெண்மையாகவே நின்றால் ஆக்சிஜன் அறவே இல்லை. வேறெதுவும் செய்யாவிட்டாலும், உதயத்தின்போதும் பிற்பகலிலும் நிரப்பிய இரு புட்டிகளின் நிறத்தை அருகருகே பார்ப்பதே மாணவர்களுக்குப் பெரிய பாடம். பிறகு ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலம் 2 மில்லி சேர்த்து வீழ்படிவைக் கரைத்து, அதில் 200 மில்லியை எடுத்து, ஸ்டார்ச்சை நிறங்காட்டியாகக் கொண்டு 0.025 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும்; அதாவது நீல நிறம் மறையும் வரை அதைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனைக் குறிக்கும். அமிலத்தையும் காரக் கரைசலையும் நீங்களோ வேதியியல் ஆசிரியரோ மட்டுமே கையாள வேண்டும். துளித்துளியாக விடும் அளவுக் குழாயான பியூரெட்டை மாணவர்களிடம் விட்டுவிடலாம்.

பெரும்பாலோர் தவறுவது நீரை மொள்ளும்போதுதான். வாளியிலிருந்து புட்டிக்குள் சளசளவென்று ஊற்றினால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து கரைந்துவிடும். வாளியை மெதுவாக அமிழ்த்தி எடுத்து, மெல்லிய குழாயின் முனையைப் புட்டியின் அடியில் வைத்து, நீர் பொங்கி வழியும் வரை நிரப்புங்கள்.

நீரின் தெளிவை அளக்க, 20 செ.மீ. விட்டமுள்ள தகரத் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்து, எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் மதகு மேடையிலிருந்து இறக்குங்கள்; கண்ணுக்கு மறையும் ஆழமே அளவு. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாளையும் பயன்படுத்தலாம். பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பிற்பகலில் பிஎச் ஏறும் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

இவையெல்லாம் ஏரியின் நிலையைச் சொல்லுமே தவிர, ஏன் பச்சையாகிறது என்பதைச் சொல்லா. காரணத்தை அறியச் சோதனை வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட 226-ஆம் எண் ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் இடப்பட்டன. மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் இடப்பட்டது. பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையானது. அந்த ஏரியை வானிலிருந்து எடுத்த படம், சலவைத் தூளில் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரும் வலுச் சேர்த்தது.

இதையே நீங்கள் புட்டிகளில் செய்யலாம். பாஸ்பரசுக்காக ஒரு கிராம் சூப்பர் பாஸ்பேட் உரத்தை ஒரு லிட்டர் நீரிலும், நைட்ரஜனுக்காக ஒரு கிராம் யூரியாவை வேறொரு லிட்டரிலும் கலந்து தெளியவிடுங்கள். ஒளிபுகும் ஒரு லிட்டர் புட்டிகள் பன்னிரண்டில் ஒரே வேளையில் எடுத்த ஏரி நீரை நிரப்பி, மூன்றில் எதுவும் சேர்க்காமலும், மூன்றில் பாஸ்பேட்டுக் கரைசலின் தெளிந்த நீர் 10 மில்லியும், மூன்றில் யூரியாக் கரைசல் 10 மில்லியும், மூன்றில் இரண்டுமாகவும் சேருங்கள். மூடிகளைத் தளர்வாக வைத்து, வெளிச்சமான ஆனால் நேரடி வெயில் விழாத இடத்தில் இரண்டு வாரம் வைத்திருங்கள். பச்சையின் அளவை மதிப்பிடும் மாணவருக்கு எந்தப் புட்டியில் எது உள்ளது என்பது தெரியக்கூடாது. எண் மட்டும் ஒட்டுங்கள். எதிலும் வேறுபாடு தெரியாவிட்டால் சோதனை வீணானதாகக் கருத வேண்டாம். ஏரியில் சத்து ஏற்கெனவே மிகுந்திருக்கலாம், அல்லது பாசியைக் கட்டுப்படுத்துவது வேறொன்றாக இருக்கலாம் என்பதும் ஒரு விடையே.

முடிவுகளை எழுதும்போது சற்று அடக்கம் வேண்டும். கால்வாய் முகத்தில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால், அது சாக்கடை நீரோடு பொருந்துகிறது என்று எழுதலாம். இன்ன ஆலைதான் காரணம் என்று எழுத இந்த அளவீடுகள் போதா. ஒப்பீட்டுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு உதவும்: மீன்வளத்துக்கும் வன உயிர்களுக்கும் உரிய நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும், பிஎச் 6.5 முதல் 8.5 வரையிலும் இருக்க வேண்டும் என்கிறது அது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வரத்து நீர் எல்லா எண்களையும் மாற்றிவிடும் என்பதால், மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் ஆய்வு இன்னும் கனம் பெறும்.

மாணவர்கள் யாரும் நீரில் இறங்கக்கூடாது. பச்சைப் படலம் நீலப்பச்சைப்பாசியாக இருந்தால் அதில் நச்சு இருக்கலாம், தோலும் அரிக்கும். கையுறையும் சோப்பும் அவசியம். கரையில் எப்போதும் பெரியவர் இருவர் இருக்கட்டும்.

குறிப்பேட்டில் எண்களை ஏரிக்கரையிலேயே மையால் எழுதச் சொல்லுங்கள். நேரம், நீரின் வெப்பநிலை, வானம் மூடியிருந்ததா என்பதும் உடன் வரட்டும். தவறாகத் தோன்றும் எண்ணை அடித்தாலும் படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடிக்கட்டும். அழகாகப் படியெடுத்த பிரதியை விட, கறை படிந்த அந்தக் குறிப்பேட்டையே நடுவர்களிடம் முதலில் காட்டச் சொல்வேன். ஊராட்சி மன்றத்திடம் தருவதற்கு அதிலிருந்து ஒரு பக்க அட்டவணை போதும்.