இட்லியை நிறுத்தியதும் இரவு பத்து மணிக்குச் சுகர் 58 ஆக இறங்குவது ஏன்?

இன்சுலின் ஊசி அளவு பழையபடியே இருப்பதுதான் காரணமாக இருக்கும். மூன்று இட்லிக்குப் போட்ட அதே 8 யூனிட்டை இப்போது இரண்டு முட்டைக்கும் கீரைப் பொரியலுக்கும் போடுகிறீர்கள், இட்லியில் இருந்த கிட்டத்தட்ட 30 கிராம் மாவுச்சத்து இல்லாமல் மருந்து மட்டும் வேலை செய்கிறது.

1. டாக்டரைப் பார்க்கும்வரை பழைய இட்லிக்கே திரும்புங்கள். சாப்பிடும் முன், இரண்டு மணி நேரம் கழித்து, விடியற்காலை 3 மணிக்கு என்று பார்த்து எழுதுங்கள். பத்து மணி இறக்கம் நின்றுவிட்டால் காரணம் அதுதான்.

2. மருந்துச் சீட்டைப் பாருங்கள். சாப்பாட்டு ஊசி தனியாக இருந்தால் அதை மட்டும் குறைக்க டாக்டரால் முடியும். 30/70 கலவை என்றால் வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் ஒரே குப்பியில், அதனால் ஊசியையே மாற்ற வேண்டியிருக்கலாம், இதைக் கட்டாயம் கேளுங்கள்.

3. 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் முட்டையோ கடலையோ உதவாது.

மாவுச்சத்துதான் இல்லையே என்று ஊசியை அடியோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். டைப் 1 சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.