யார் வீட்டு வீசிங்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகனுக்கு 9 வயது, 3 வருடமாக வீசிங். தினமும் பஃப் எடுத்தும் அடிக்கடி நெபுலைசர் வைக்க ஓடுகிறோம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று மரபணுவைப் பார்த்துச் சொல்ல முடியுமாமே என்று வீட்டில் கேட்டேன். “டெஸ்ட் எடுத்தால் உன் பிறந்த வீட்டு வியாதி என்று தெரிந்துவிடும்” என்கிறார் மாமியார். கணவர் வாயே திறக்கவில்லை. என்ன செய்வது?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொன்னது உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று புரிகிறது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பரிசோதனை வியாதி யார் வழியில் வந்தது என்று தேடுவதில்லை. மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 என்று ஒரு ஏற்பி உண்டு, சால்பியூட்டமால், சால்மெட்டரால் போன்ற மருந்துகள் போய் ஒட்டுவது அதில்தான். அந்த ஏற்பி ஒரு புரதம், அதை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்வது ஒரு மரபணு. புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களில், அதன் 16ஆவது இடத்தில் சிலருக்கு கிளைசின், சிலருக்கு ஆர்ஜினின். அந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஆர்ஜினின் வகை உள்ள, ஆஸ்துமா இருக்கும் 62 குழந்தைகளை ஸ்காட்லாந்தில் ஒரு வருடம் கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள்: ஸ்டீராய்டு பஃபோடு சால்மெட்டரால் சேர்த்தவர்களைவிட மாண்டிலூகாஸ்ட் மாத்திரை சேர்த்தவர்கள் நன்றாக இருந்தார்கள். இரண்டு பிரதி என்றேனே, ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. இதை உங்கள் கணவர்தான் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை.

சரி, எடுக்கலாமா? அவசரம் வேண்டாம். பிறகு 12 முதல் 18 வயது வரையுள்ள 241 பேரிடம், மரபணுவைப் பார்த்து மருந்து கொடுத்துச் செய்த ஆய்வில் கிடைத்த பலன் சிறியதுதான், ஆஸ்துமாவுக்கு இது இன்னும் வழக்கமான பரிசோதனையும் ஆகவில்லை. மாண்டிலூகாஸ்ட்டும் விளையாட்டு மாத்திரை இல்லை. சில குழந்தைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துத் துறை கடுமையாகவே எச்சரித்தது. மகனின் பஃபில் என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை, சால்மெட்டரால் இல்லாமலும் இருக்கலாம்.

எனக்கும் சின்ன வயதில் இழுப்பு உண்டு. விருந்தாளி வந்தால் அம்மா என் பஃபை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிடுவார், நான் மூச்சுக்குத் திணறிக்கொண்டே சிரித்துப் பேச வேண்டும். அந்தப் பயம் இன்னும் நம் வீடுகளில் அப்படியே இருப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. போகிப் புகையும் கொசுவர்த்தியும் அந்தப் பிள்ளையை என்ன செய்கின்றன என்று யாரும் கேட்பதில்லை, அம்மா வீட்டு வம்சத்தை மட்டும் கேட்கிறார்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பஃபையும், அதோடு மாட்டும் ஸ்பேசர் குழாயையும் கையோடு கொண்டுபோய், மகனை அவர் எதிரிலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் மரபணு பற்றிக் கேளுங்கள். கணவரும் கூட வரட்டும்.