அன்ராப் செய்ததும் கோடு கோடாக வருவது பற்றி
பொருளின் மேல் ஒளிப்பட்டைகளை விழவைத்துப் படமெடுத்து அதன் வடிவத்தை அளக்கும்போது, நம்பையின் (பைத்தானின் கணக்கு நூலகம்) அன்ராப்பை, அதாவது 360 டிகிரிக்கு ஒருமுறை தாவும் கோணத்தைத் தொடர்ச்சியாக்கும் கட்டளையை, வரிசை வரிசையாக ஓட்டினால் ஃபேஸ் மேப்பில் (ஒவ்வொரு பிக்சலுக்குமான பட்டையின் கோணம், அதாவது ஃபேஸ், அடங்கிய படம்) கிடைக்கோடுகள் விழுவதாகச் சொல்லியிருந்தீர்கள். இரைச்சலால் பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசம் 180 டிகிரியைத் தாண்டினால், தவறான 360 டிகிரி ஒன்று அந்த வரிசையின் கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். அதுதான் உங்கள் கோடு.

அன்ராப்புக்கு முன்பே ஃபேஸின் சைன், கொசைன் இரண்டையும் தனித்தனியாக மென்மையாக்கி, பிறகு ஆர்க்டேன்2 (அவை இரண்டிலிருந்தும் கோணத்தைத் திரும்பக் கணக்கிடும் சார்பு) எடுங்கள். ஃபேஸையே நேரடியாக மென்மையாக்கினால் தாவல்கள் மழுங்கிக் கெட்டுவிடும் (நானும் அதில் ஒரு வாரம் வீணாக்கியவன்தான்). அப்புறம், நிழல் விழுந்த, பட்டைகள் மங்கிய பிக்சல்களுக்கு மாஸ்க் போட்டு (கணக்கிலிருந்து விலக்கி), சைக்கிட்-இமேஜ் என்ற பைத்தான் பட நூலகத்தின் அன்ராப்_ஃபேஸைப் பயன்படுத்துங்கள். அது நம்பகமான இடங்களை முதலில் இணைத்து, மோசமானவற்றைக் கடைசியில்தான் தொடும்.

பொருளிலேயே செங்குத்தான படி இருந்தால் இதெல்லாம் போதாது. வேறு பட்டை அகலத்தில் இன்னொரு முறை படம் எடுக்கத்தான் வேண்டும்.