பதில்: சீவுல்ஃப் வகை நீர்மூழ்கிகளின் பெயர்களில் ஏன் ஒழுங்கே இல்லை?

அமெரிக்க நீர்மூழ்கிகளை மீன், நகரம், மாநிலம் என்று பெயர்வாரியாக அட்டவணை போட்டுவந்து, சீவுல்ஃப் வகையில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். தவறு உங்களுடையது இல்லை. அந்த வகையில் மொத்தமே 3 கப்பல்கள்தான்: முதலாவது சீவுல்ஃப் என்ற மீன், அடுத்தது கனெக்டிகட் என்ற மாநிலம், மூன்றாவது முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்தது (அவரே நீர்மூழ்கியில் பணியாற்றியவர், அதனால் எனக்கு இதில் முழுச் சம்மதம்).

பெயர் வைப்பது கடற்படைச் செயலர். மரபு என்பது வெறும் பழக்கம்தான், அவர் நினைத்தால் மாற்றலாம். லாஸ் ஏஞ்சலஸ் வகையின் 62 கப்பல்களில் 61 நகரங்கள், ஒன்று மட்டும் அணுசக்தி நீர்மூழ்கிகளின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவர். ஒஹாயோ வகையில் ரோட் ஐலண்ட் என்று பெயர் குறித்து வைத்திருந்த கப்பல், 1983இல் செனட்டர் ஹென்றி ஜாக்சன் இறந்ததும் அவர் பெயருக்கு மாறியது, மாநிலத்தின் பெயர் பின்னால் வேறொன்றுக்குப் போனது.

வர்ஜீனியா வகையிலோ மாநிலங்களுக்கு நடுவே செனட்டர் ஜான் வார்னர் நுழைந்தார், அப்புறம் பார்ப், டாங், வாஹூ என்று இரண்டாம் உலகப் போர்க் கால நீர்மூழ்கிகளின் பழைய மீன் பெயர்களே திரும்பி வருகின்றன. அரசியல்வாதிகளின் பெயரைவிட இதுதான் சரி என்பேன், ஏனென்றால் 1943இல் பழைய வாஹூவின் கடைசிப் பயணத்தில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, அந்தப் பெயர் மறுபடி கடலுக்குப் போகத்தான் வேண்டும்.

அட்டவணையை வகைவாரியாகப் பிரிக்காமல், ஒவ்வொரு கப்பலுக்கும் நேராகப் பெயரின் இனத்தைத் தனியாக எழுதுங்கள். சீவுல்ஃப் தானாக அடங்கிவிடும்.