கடல் கடந்த தமிழ்: சுவான்சோ

கேள்வி: பெய்ஜிங், ஷாங்காய் தவிர, சீனாவில் தமிழர் அவசியம் காண வேண்டிய கடற்கரை நகரம் எது?

பதில்: தயக்கமின்றிச் சொல்வேன், தென்சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்திலுள்ள சுவான்சோ. பழைய துறைமுக நகரமான இங்கு, தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலைப் பற்றிக் கூறும், கி.பி. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கோயில் இன்று இல்லை. ஆனால் அக்காலத்து இந்துக் கோயில் தூண்கள் இரண்டு, கையுவான் என்னும் பௌத்த ஆலயத்தின் பிரதான மண்டபத்துப் பின்புறத்தில் பொருத்தப்பட்டு நிற்கின்றன. அவற்றில் கண்ணனையும் நரசிம்மரையும் அருகில் நின்று பார்க்கும்போது நம் முன்னோரின் துணிவு நெஞ்சை நிறைக்கும். கடல்சார் அருங்காட்சியகத்திலும் இத்தகைய சிற்பங்கள் உள்ளன. அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். அருகிலுள்ள சியாமன் நகரிலிருந்து அதிவேக ரயிலில் எளிதில் செல்லலாம்.