மழையோடு போகும் மருந்தும் உரமும்: வாசகர் கேள்வி – பதில்

களைக்கொல்லியும் உரமும் வயலை விட்டு எப்படி வெளியேறுகின்றன, உழவு முறையை மாற்றினால் அது குறையுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள், களை முளைக்கும் முன் தெளிக்கும் களைக்கொல்லியைத் தெளித்தேன். அன்றிரவே கனமழை கொட்டி, வயலிலிருந்து கலங்கல் நீர் வழிந்தோடிவிட்டது. மருந்து முழுவதும் போய்விட்டதா? மறுபடியும் தெளிக்க வேண்டுமா?

பதில்: முழுவதும் போயிருக்காது. சாதாரணப் பருவத்தில் மேலே வழிந்தோடும் நீருடன் வெளியேறும் களைக்கொல்லி, தெளித்த அளவில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். தெளித்த கையோடு பெருமழை பெய்தால் அது 5 சதவீதம் வரையிலும், அரிதாக அதற்கு மேலும் செல்லும். ஆகவே களையை அடக்கும் ஆற்றலில் பெரும்பகுதி இன்னும் உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. மேல்மண் அரித்துச் செல்லப்பட்ட இடங்களிலும், மணற்பாங்கான நிலத்தில் களைவிதை இருக்கும் ஆழத்தைத் தாண்டி மருந்து கீழே இறங்கிவிட்ட இடங்களிலும் மட்டுமே களை தப்பி முளைக்கும். இரண்டு வாரம் பொறுத்திருந்து, முளைத்த இடங்களை மட்டும் கொத்திவிடுங்கள். மறுமுறை தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் உங்களுக்கு அற்பமாகத் தோன்றும் இந்த இழப்பு, நீர்நிலைக்கு அற்பமன்று. ஹெக்டேருக்கு 1 கிலோ மருந்து தெளித்து, அதில் 1 சதவீதம், அதாவது வெறும் 10 கிராம், 25 மில்லிமீட்டர் அளவுக்கு வழிந்தோடிய நீரில் கலந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் 25 மில்லிமீட்டர் நீர் என்பது 2,50,000 லிட்டர். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் வருகிறது. குடிநீரில் எந்தவொரு தனிப் பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அட்ரசின் என்ற களைக்கொல்லிக்கு அமெரிக்கா விதித்துள்ள வரம்பு 3 மைக்ரோகிராம். ஆற்றில் கலந்தால் செறிவு குறைந்துவிடும் என்று சொல்வார்கள். ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே வாரத்தில் ஒரே மருந்தைத் தெளித்திருக்கும்போது, செறிவைக் குறைக்க வேண்டிய தூய நீர் எங்கிருந்து வரும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஓடும் நீர் மண்ணின் மேற்புறத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்துடன் மட்டுமே கலக்கிறது. தெளித்த முதல் நாட்களில் மருந்து முழுவதும் அந்த மெல்லிய அடுக்கில்தான் கிடக்கிறது. நாளாக ஆக அது கீழே இறங்கியும், மண்துகள்களில் பிடிபட்டும், நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டும் குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஓராண்டில் ஏற்படும் மொத்த இழப்பின் பெரும்பகுதி, தெளித்த முதல் இரண்டு வாரங்களுக்குள் பெய்யும் ஓரிரு பெருமழைகளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. தெளித்தபின் வரும் மென்மழை மருந்தைச் சற்று உள்ளே இறக்கி மண்ணோடு சேர்த்துவிடுவதால், அடுத்து வரும் பெருமழையின் பாதிப்பு குறைகிறது. பாசன வசதி உள்ளவர்கள் இதையே தெளிப்பு நீராகக் கொடுக்கலாம். மண் ஏற்கெனவே நீரில் ஊறிக் கிடக்கும்போதும், கனமழை எச்சரிக்கை உள்ள நாளிலும் தெளிக்காதிருப்பது, செலவில்லாத முறைகளில் மிகுந்த பலன் தருவது.

கேள்வி: ஒரு களைக்கொல்லி கிணற்று நீரில் காணப்படுகிறது என்கிறார்கள், இன்னொன்று குளத்தின் சேற்றில் காணப்படுகிறது என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

பதில்: ஒவ்வொரு பொருளும் மண்ணை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அட்ரசின் மண்ணை அவ்வளவாகப் பற்றுவதில்லை. சிதைவதற்கும் வாரக்கணக்கில், சில மண்களில் மாதக்கணக்கில் ஆகிறது. ஆதலால் நீரில் கரைந்தபடி மேலாகவும் ஓடும், கீழே இறங்கி நிலத்தடி நீரையும் அடையும். பெண்டிமெத்தலினும் பாராகுவாட்டும் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, அந்த மண் அரிக்கப்படும்போது மட்டுமே பெரும்பாலும் வெளியேறுகின்றன. நீரில் எளிதில் கரையும் எதுவும் நீரோடு போய்விடும் என்று எண்ணிவிட வேண்டாம்: கிளைபோசேட் நீரில் நன்றாகவே கரையும், ஆயினும் பாஸ்பேட் பற்றும் அதே இடங்களில் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஊட்டச்சத்துகளும் இப்படித்தான். தழைச்சத்தின் (நைட்ரஜன்) நைட்ரேட் வடிவம் எதிர்மின்னூட்டம் உடையது. மண்துகள்களும் பெரும்பாலும் அவ்வாறே இருப்பதால் நைட்ரேட்டைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாமல், நீர் இறங்கும் வழியெல்லாம் அதுவும் இறங்குகிறது. மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) பெருமளவு மண்ணோடு பிணைந்திருக்கும். ஆகவே மண்ணரிப்பைத் தடுக்கும் முறை மணிச்சத்தைக் காக்கும், நைட்ரேட்டைக் காக்காது. நீரை மண்ணுக்குள் இறக்கும் முறை மேல்வழிவைக் குறைக்கும், ஆனால் கீழ்நோக்கிய கசிவைக் கூட்டக்கூடும்.

கேள்வி: உழவே இல்லாமல் பயிர் செய்தால் எல்லா இழப்பும் நின்றுவிடும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. உழாமல் பயிர்க்கழிவை மண்ணின்மேல் மூடாக்காக விட்டுவைத்தால், மழைத்துளி மண்ணை நேரடியாகத் தாக்குவதில்லை. ஓடும் நீரின் வேகமும் குறைகிறது. சரிவான நிலத்தில் மண்ணரிப்பு மிகப் பெருமளவு குறையும். மண்ணோடு பிணைந்த மணிச்சத்தும் மண்ணை இறுகப் பற்றும் களைக்கொல்லிகளும் அதற்கேற்பக் குறையும். இதில் ஐயம் இல்லை.

கரைந்து செல்லும் பொருள்களின் கதை வேறு. உழவு இல்லாத நிலத்தில் உரத்தை மேலாகத் தூவினால், அதை மண்ணோடு கலக்க எதுவும் இல்லாததால் மேலே சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே மணிச்சத்து ஆண்டுக்காண்டு குவிகிறது. அங்கிருந்து கரைந்து வெளியேறும் மணிச்சத்து, மண்ணோடு ஒட்டியிருப்பதைப்போல் அல்லாமல், பாசிகள் உடனே உறிஞ்சிக்கொள்ளக்கூடிய வடிவில் இருக்கிறது. மணிச்சத்தின் மொத்த இழப்பு குறைந்தும், நீரைக் கெடுக்கும் பகுதி கூடக்கூடும்.

வட அமெரிக்காவின் ஈரி ஏரி இதற்குப் பெரிய சான்று. 1970களிலும் 1980களிலும் கழிவுநீர்க் கட்டுப்பாட்டாலும் மண்காப்பு உழவாலும் தெளிவடைந்து வந்த அந்த ஏரியில், 1990களின் நடுப்பகுதிக்குப் பின், மௌமி ஆறு கொண்டுவரும் கரைந்த மணிச்சத்து உயரத் தொடங்கியது. நச்சுப் பாசியும் திரும்பி வந்தது. 2014 ஆகஸ்டில், அந்த ஏரியிலிருந்து நீர் எடுக்கும் டொலிடோ நகரின் குடிநீரில் மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நச்சு காணப்பட்டதால், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இரண்டு நாட்களுக்கு மேல் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் போனது. கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு அழியாது. மேலாகத் தூவிய உரம், நெருக்கமாகிவிட்ட நிலத்தடி வடிகால் குழாய்கள், மாறிவரும் மழைப்போக்கு எனப் பல காரணங்கள் அங்கே சேர்ந்துகொண்டன. பழியை உழவில்லா முறையின் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. ஆனால் அந்த முறை மட்டுமே போதும் என்று இருந்துவிட்டதும் தவறுதான்.

களைக்கொல்லியிலும் ஒரு சிக்கல் உண்டு. மூடாக்கின் மீது விழுந்த மருந்தை முதல் மழை எளிதில் கழுவிக்கொண்டு போகும். பல ஆண்டு உழாத நிலத்தில் மண்புழுக்களும் பழைய வேர்களும் விட்டுச்சென்ற துளைகள் வழியே நீரும் மருந்தும் மேல்மண்ணைத் தொடாமலேயே ஆழத்துக்கு விரைகின்றன. உழவு செய்துவந்த வேலையைக் களைக்கொல்லியிடமே ஒப்படைப்பதால் தெளிக்கும் அளவும் பல இடங்களில் கூடிவிடுகிறது. இதைக் கூட்டங்களில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

அதற்காக மறுபடி ஏரைப் பூட்ட வேண்டியதில்லை. அரிக்கும் சரிவு நிலத்தில் உழவில்லா முறையையே தொடருங்கள். உரத்தை மட்டும் மேலே தூவாமல், விதை வரிசைக்குப் பக்கத்தில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இடுங்கள். மண் ஆய்வில் மணிச்சத்து மிகுதி என்று வந்தால் அந்த ஆண்டு அதை இடாமலே விட்டுவிடலாம். சமதளமான, வடிகால் குழாய் பதித்த களிமண் நிலமாக இருந்தால், மண்ணை மேலாகக் கிளறி உரத்தை மூடுவதில் தவறில்லை.

கேள்வி: யூரியாவைப் பிரித்து இட்டால் இழப்பு எவ்வளவு குறையும்? தொழுவுரம் இட்டால் இந்தக் கவலையே இல்லையா?

பதில்: உலகளவில் பயிருக்கு இடும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதிதான் அறுவடையோடு வயலை விட்டுப் போகிறது; மிச்சத்தில் ஒரு பகுதி மண்ணில் தங்க, மற்றது காற்றிலும் நீரிலும் கலக்கிறது. எத்தனை முறை பிரிக்கிறோம் என்பதைவிட, மொத்த அளவு பயிரின் தேவையை மீறுகிறதா என்பதே முதன்மையானது. தேவைக்கு உட்பட்ட வரையில் கசிவு மெல்லவே ஏறுகிறது. விளைச்சல் மேலும் உயராத நிலையைத் தாண்டி இடும் ஒவ்வொரு கிலோவும் பெரும்பாலும் கசிவாகவே முடிகிறது. அளவைச் சரிசெய்யாமல் மூன்றாகப் பிரித்தாலும் பெரிய பலன் இராது. அளவு சரியாக இருக்கும்போது, அடியுரத்தில் சிறு பங்கையும், பயிர் வேகமாக வளரும் கட்டத்தில் பெரும் பங்கையும் கொடுப்பது, மழை அதிகமுள்ள மணற்பாங்கான நிலத்தில் மிகுந்த வேறுபாட்டைத் தரும்.

பலரும் கவனிக்காத இழப்பு, அறுவடைக்குப் பிந்தைய தரிசுக் காலத்தில் நடக்கிறது. பயிர் இல்லை, ஆனால் மண்ணிலுள்ள மட்கு சிதைந்து நைட்ரேட் உருவாகிக்கொண்டே இருக்கிறது, அந்த நேரத்தில் உழுதால் அது இன்னும் விரைவாகிறது. அறுவடை முடிந்த உடனே கடுகு இனப் பயிரையோ தானியப் பயிரையோ மூடுபயிராக விதைத்தால், வெறும் தரிசோடு ஒப்பிடும்போது நைட்ரேட் கசிவு பாதிக்கும் மேலாகக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயறு வகைகள் இந்த வேலைக்குச் சற்றுக் குறைவுதான். மூடுபயிர் தாமதமானால் பயன் விரைவாகச் சரியும்.

தொழுவுரம் கவலையை நீக்காது. அதில் தழைச்சத்தோடு ஒப்பிட மணிச்சத்து, பயிரின் தேவையைவிட அதிக விகிதத்தில் இருப்பதால், தழைச்சத்தைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் இட்டுவந்தால் மணிச்சத்து மிதமிஞ்சிச் சேர்ந்துவிடும். அது பயன்படாத நேரத்தில் வெளிவிடும் நைட்ரேட்டும் யூரியாவின் நைட்ரேட்டும் ஒன்றே. குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணற்றுக்கு இந்தச் சோதனை அவசியம்.

கேள்வி: வயலின் கீழ்வரப்பில் புல்பட்டை வளர்த்திருக்கிறேன். அது போதுமா?

பதில்: நீர் பரவலாக, மெல்லிய படலமாகப் புல்லுக்குள் நுழைந்தால் மண்ணையும் அதில் ஒட்டியவற்றையும் புல் நன்றாகவே வடிகட்டும். ஓரிடத்தில் ஓடையாகத் திரண்டு பாய்ந்தால் புல் சாய்ந்துவிடும். அந்த இடத்தில் பட்டை இருந்தும் இல்லாதது போலத்தான். மழை பெய்யும்போது வயலில் நின்று நீர் எங்கே திரள்கிறது என்று பாருங்கள். அந்தத் தாழ்வழியிலேயே புல்லை வளர்க்க வேண்டும். மண்ணுக்கடியில் வடிகால் குழாய் இருந்தால், நைட்ரேட் புல்லைச் சந்திக்காமல் நேராக ஓடைக்குப் போய்விடும். அங்கே குழாயின் வாயில் மரச்சில்லுகள் நிரப்பிய குழி அமைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களைக்கொண்டு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் முறை உண்டு.

கேள்வி: தெளிப்பானைக் கழுவும் நீரை எங்கே கொட்டுவது?

பதில்: கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் கழுவக் கூடாது. ஒரே ஒரு கிராம் களைக்கொல்லி ஒரு கோடி லிட்டர் நீரை 0.1 மைக்ரோகிராம் வரம்புக்கு உயர்த்தப் போதும். மருந்து கலக்கும் இடத்திலும் கழுவும் இடத்திலும் சிந்துவது, சில நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் வயல் முழுவதிலிருந்தும் வருவதைவிட அதிகமாக இருந்திருக்கிறது. காலிக் குப்பியை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, மருந்து அடித்த அதே வயலில் தெளித்துவிடுங்கள். தெளிப்பானின் உட்புறத்தைக் கழுவிய நீருக்கும் இதுவே வழி. தெளிப்பு வேலை அதிகமுள்ளவர்கள், சுவீடனில் 1993 முதல் புழக்கத்துக்கு வந்த உயிர்ப்படுக்கையை அமைக்கலாம்: ஒரு குழியில் வைக்கோல் பாதியும், கரிச்சேற்று மட்கும் (பீட்) மேல்மண்ணும் கால் பங்கு வீதமும் கலந்து நிரப்பி, மேலே புல் வளர்த்து, அதன்மேல் தெளிப்பானை நிறுத்திக் கழுவுவார்கள். வைக்கோலைச் சிதைக்கும் பூஞ்சைகள் மருந்தையும் சேர்த்துச் சிதைத்துவிடுகின்றன. வைக்கோல் மட்கிக் கலவை அமிழும்போது மேலே புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.