அளவுச் சட்டை

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருக்கிறேன். உங்கள் தொடரை முதல் கிழமையிலிருந்து வாசிக்கிறேன். கடையில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவது. கதாநாயகி மொத்தமான பிள்ளை என்றதும் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தானே.

ஏழாம் பகுதியில் கலியாண வீட்டில் அவளுடைய சட்டை தையல் விட்டுப் பிரிகிறது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த நேரம் அளவு கொடுக்க ஒரு அக்கா வந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டார். அவருக்கும் வாசித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். அப்புறம் நான் நாடாவைச் சுற்றினால், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "விடுங்க அக்கா, பிறகு சட்டை இறுகும்" என்றேன். விடவில்லை. பத்து வருடமாக என்னிடம் தைக்கிறவர். இதற்கு முன் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

இன்னொன்று. சட்டை முதுகில் பிரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கையிடுக்கில்தான் பிரியும். அதுவும் உள்ளுக்குத் துணி விட்டு ஒழுங்காகத் தைத்திருந்தால் பிரியவே பிரியாது. அது அவளின் உடம்பு செய்த பிழை இல்லை, தைத்தவள் செய்த பிழை.

கடைசியில் அவளுடைய காதலன் "நீ இப்படியே இரு, எனக்கு இதுவே போதும்" என்கிறானே, கழிவு விலையில் சாமான் எடுக்கிறவன் பேசுவது போல இருந்தது. என் சிநேகிதி ஒரு டீச்சர். "இங்கிலிசிலும் இதே கதைதான், பிரிட்ஜட் ஜோன்ஸ் வாசித்துப் பார், முழுக்க நிறையைப் பற்றிய புலம்பல்" என்கிறாள். தன் நிறையைப் பற்றி நினைக்கவே நினைக்காத ஒரு மொத்தப் பெண்ணை உங்களால் எழுத முடியாதா?

ஒரு தையல்காரி


அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு வந்தது கோபம். மூன்று பேருமாகச் சிரித்துவிட்டு இப்போது கணக்கை என் பெயரில் எழுதுகிறீர்களே என்று. அன்றிரவு ஏழாம் பகுதியை எடுத்து மறுபடி வாசித்தேன். நீங்கள் சொன்னதில் முக்கால்வாசியை ஒத்துக்கொள்கிறேன். மிச்சக் கால்வாசிக்குச் சண்டை பிடிக்கத்தான் இந்தப் பதில்.

இந்தத் தொடருக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கதையைப் பற்றியே பேசவில்லை. அவளை எப்படி மெலிய வைப்பது என்றுதான் பேசின. கல்முனையிலிருந்து ஒரு ஐயா இரவுக்குக் குரக்கன் பிட்டு, விடியப்புறம் கடற்கரையில் நடை என்று ஒழுங்காக அட்டவணை போட்டு அனுப்பியிருந்தார். எனக்கல்ல, கதாநாயகிக்கு. ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா, "முடிவில் மெலிய வைத்துவிடாதே பிள்ளை, என் மகள் வாசிக்கிறாள்" என்று எழுதியிருந்தார். ஒரு இளம்பெண் மட்டும் நேராகவே கேட்டிருந்தாள்: "காதல் கதை என்றால் ஒரு கனவு வேண்டாமா? கண்ணாடியில் தினமும் பார்ப்பதையே கதையிலும் பார்க்கவா?"

அந்தப் பிள்ளையின் கேள்வியோடு நான் நிறைய நேரம் இருந்தேன். அந்தக் கனவு எப்படிப்பட்ட உடம்பு? கொடியிடை, மின்னிடை என்று சினிமாப் பாட்டில் கேட்டுக் கேட்டு அது ஒன்றுதான் அழகு என்று ஆகிவிட்டது. வள்ளுவரும் மெல்லிடைக்காரர்தான். காமத்துப்பாலில், காம்பு கிள்ளாமல் அனிச்சப்பூவைத் தலையில் வைத்துவிட்டாளாம், இனி அவள் இடைக்கு நல்ல பறை ஒலிக்காதாம் (1115). பூக்காம்பின் பாரத்தில் இடை முறிந்து சாப்பறை கேட்கப் போகிறதாம்! இதை எல்லாரும் வருணனை என்று படிப்பிக்கிறார்கள். எனக்கு இது பகிடியாகத்தான் கேட்கிறது. ஆசை முற்றிய ஒருவன் தன் மிகையைத் தானே ரசித்துச் சொல்கிற பகிடி.

ஆனால் அதே காமத்துப்பாலில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், "பணைநீங்கிப் பைந்தொடி சோரும் துணைநீங்கித் தொல்கவின் வாடிய தோள்" (1234) என்று வருகிறது. துணை பிரிந்துபோனதால் தோளின் பருமன் போய், வளையல் கழன்று விழுகிறது. இங்கே மெலிவு அழகில்லை, வருத்தம். பருத்திருந்ததுதான் பழைய அழகு, 'தொல்கவின்'. சங்கப் பாட்டுகளிலும் பணைத்தோள், வளை நெகிழ்வது என்று இதே பேச்சு. காதலன் வராமல் போனால் மெலிவாள், வந்தால் பூரிப்பாள். இப்போது நாங்கள் எழுதுகிற கதையில் மெலிந்தால்தான் காதலனே வருகிறான். யோசித்துப் பாருங்கள், வள்ளுவரின் பெண் உங்கள் கடைக்கு வந்தால் கையைப் பெரிதாக வெட்டி இடுப்பை நூலளவில் பிடிக்க வேண்டும். எந்த அளவுச் சட்டை அவளுக்குப் பொருந்தும்?

அடுத்து உங்கள் டீச்சர் சிநேகிதி. அவர் சொன்ன புத்தகத்தை எழுதியவர் ஹெலன் ஃபீல்டிங். 1995இல் லண்டனில் இன்டிபென்டன்ட் பத்திரிகையில் பத்தியாகத் தொடங்கி, 1996இல் நாவலாக வந்தது. நாட்குறிப்பு வடிவம். அநேகமான நாட்களில் தலைப்பிலேயே அன்றைய நிறை இருக்கும். முதல் நாள் கணக்கு 9 ஸ்டோன் 3. ஒரு ஸ்டோன் என்றால் 14 இறாத்தல். இறாத்தல் என்றால் பாண் வாங்குகிற எங்களுக்குத் தெரியாததா? மொத்தம் 129 இறாத்தல், அதாவது 58.5 கிலோ. நான் இதைக் கணக்குப் போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். இவள் மொத்தமா? எங்கள் ஊர்க் கலியாண வீட்டுக்குப் போனால் "என்னகா, சாப்பிடுறதில்லையா?" என்று கேட்பார்களே!

அவளே மொத்தமில்லாதபோது நாங்கள் எல்லாம் யார் என்று இந்தப் புத்தகத்தில் எரிச்சல் பட்டவர்கள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு மறுபடி எடுத்து வாசித்தபோது ஒரு இடம் பிடிபட்டது. பதினெட்டு வருடம் பாடுபட்டு அவள் 8 ஸ்டோன் 7க்கு, அதாவது 54 கிலோவுக்கு வந்துவிடுகிறாள். வாழ்நாள் கனவு. விருந்துக்குப் போகிறாள். போன இடத்தில் சிநேகிதர்கள் களைத்துப் போயிருக்கிறாயே, முந்தி இருந்ததுதான் நல்லது என்கிறார்கள். அந்த இடத்தில் வருகிற சிரிப்பு அவள் உடம்பைப் பார்த்து வருவதில்லை, அவள் எழுதி எழுதி வைத்த கணக்கைப் பார்த்து வருகிறது. அந்தக் கணக்கைப் பார்த்து முதலில் சிரிப்பதும் அவள்தான். எழுதுகிற பேனா அவள் கையில் இருக்கிறதே.

என் ஏழாம் பகுதியில் பேனா யார் கையில் இருந்தது? திரும்ப வாசித்தபோது தெரிந்தது, அந்தக் காட்சி முழுவதையும் மண்டபத்துக் கதிரைகளில் இருந்தவர்களின் கண்ணால் எழுதியிருக்கிறேன். தையல் பிரிகிற சத்தம் கேட்கிறது, பெரியம்மா திரும்புகிறார், பெடியன்கள் வாயைப் பொத்துகிறார்கள், வீடியோக்காரன் கமெராவைத் திருப்புகிறான். இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு வசனம் இல்லை. முந்தி எங்கள் பக்கம் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று வசை பாடுவார்கள். காது கூசும். அம்மம்மா அந்த வரிகளைச் சொல்லும்போது எங்களை அறைக்குள் அனுப்பிவிட்டுத்தான் சொல்வார், நாங்களும் கதவில் காதை வைத்துக் கேட்போம். ஆனால் ஒரு சேரி பாடி முடித்தால் மற்றச் சேரி திருப்பிப் பாடும். என் கதாநாயகிக்கு நான் சேரியே கொடுக்கவில்லை. உங்கள் கடைக்கு வந்த அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அதனால்தான் என்று நினைக்கிறேன். என் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டால் இன்னும் இழுத்துப் பிடிப்பார் என்றால் கேட்க வேண்டாம்.

அவன் பேசிய வசனத்தையும் எடுத்துவிட்டேன். 'கழிவு விலை' என்ற சொல் இரண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை. இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. தொடர் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவளுடைய நிறை நான்கு இடத்தில் வருகிறது. அவனைப் பற்றி 'உயரமானவன்' என்ற ஒரு சொல்தான். அவனுக்கு வயிறு இருக்கிறதா இல்லையா என்று எழுதிய எனக்கே தெரியாது.

இனி என் சண்டை. நிறையைப் பற்றி நினைக்கவே நினைக்காத பெண்ணைக் கேட்கிறீர்கள். மட்டக்களப்பில் அப்படி ஒருத்தியை நான் சந்தித்ததில்லை. மற்ற ஊர்க் கதைகளில் மாமியார் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு எழுத்தாளர் தப்பிக்கலாம். இங்கே அதுவும் முடியாது. வீடு பெண்ணுக்கு, கலியாணம் முடித்து வந்து இருப்பவன் மாப்பிள்ளை. காலையில் எழும்பி அடுப்படிக்குப் போனால் அங்கே நிற்பது சொந்த அம்மா, பக்கத்து வளவில் பெரியம்மா, அதற்கடுத்த வளவில் சின்னம்மா. "நல்லா ஊதிப் போனாய் மகள், கொஞ்சம் குறைக்கத்தானே வேணும்" என்று சொல்கிற அதே வாய், அதே மூச்சில் "ஒள்ளுப்பம் தயிர் போடுறன், ஒள்ளுப்பம்தான்" என்று சட்டியைச் சரிக்கும். எருமைத் தயிர், கரண்டியில் வெட்டி எடுக்கிற மாதிரி. மேலே சீனி. அன்பும் அளவெடுப்பும் ஒரே கையால் வருகிற வீட்டில் வளர்ந்தவள் அதைப் பற்றி நினைக்காமல் எப்படி இருப்பாள்?

நானே நினைத்தவள்தான். எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் ஒரு படம் எடுத்தார்கள். எடுத்தவர் என்னைக் கேட்காமலே கம்பியூட்டரில் என் தோளை இரண்டு பக்கமும் சீவி, தாடையையும் கொஞ்சம் செதுக்கிக் கொடுத்துவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் பரம சந்தோஷம். பெண் பார்க்க வந்தவர்கள் வந்து இருந்து, தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் என் தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் இருந்தது அவள்தான் என்று நினைத்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது, பாடசாலைச் சீருடையோடு நிற்கிறாள்! அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. இந்தக் கதையை எத்தனை கலியாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன் தெரியுமா? அன்றைக்கு இரவு மட்டும் சிரிக்கவில்லை.

ஆகவே என் கதாநாயகி தன் நிறையைப் பற்றி நினைப்பாள், அதை மாற்ற மாட்டேன். கடைசிப் பக்கத்தில் அவளைத் தராசில் ஏற்றவும் மாட்டேன். கல்முனை ஐயா கோபிக்கக் கூடாது.

புத்தகமாக வரும்போது ஏழாம் பகுதி மாறும். சட்டை கையிடுக்கில்தான் பிரியும். பிரிந்ததும் அவள் சாறித் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு, வீடியோக்காரனைப் பார்த்து, "அண்ணே, இந்தப் பக்கத்தால எடுங்க, மற்றப் பக்கம் தையல்காரியின்ட பக்கம்" என்பாள். அடுத்த நாள் விடிந்ததும் பிரிந்த சட்டையோடு தையல்கடைக்குப் போகிறாள். கடை திறந்திருக்கிறது. தைத்தவள் மெசினில் இருந்து நிமிர்ந்து பார்க்கிறாள். "நீ உள்ளுக்குத் துணி விட்டாயா, விடவில்லையா?" என்று இவள் கேட்கிறாள்.

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. அவள் என்ன மறுமொழி சொல்வாள்? கடையில் அப்படி வந்து நிற்கிறவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அவனையும் ஒரு சேட்டு அளவு கொடுக்க அதே கடைக்கு அனுப்ப யோசிக்கிறேன். ஆண்கள் அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுப்பார்களா? அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா